பொன்னாடை போர்த்தாத ஓய்வு

கே: அமெரிக்கக் கால்பந்தில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர்) பேரி சாண்டர்ஸ், மொத்தமாக அதிக கெஜம் ஓடிய சாதனைக்கு 1,457 கெஜமே பாக்கி இருந்தபோது, பேப்பருக்கு ஒரு பேக்ஸ் மட்டும் அனுப்பிவிட்டு ஓய்வு பெற்றாராமே! ரசிகர்களுக்குச் செய்த துரோகம் இல்லையா அது?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

ப: பேக்ஸை ஏன் ஐயா ஞாபகப்படுத்துகிறீர்கள்? நம் அலுவலகத்திலும் ஒன்று இருந்தது. ராத்திரி எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு கவிஞர்கள் அனுப்ப ஆரம்பிப்பார்கள், காலையில் வந்து பார்த்தால் பேப்பர் சுருள் மேஜையிலிருந்து இறங்கித் தரையெல்லாம் ஓடிக் கிடக்கும். அந்தக் காகிதத்தில் சூடு பட்டால் கறுத்துவிடும். டீ டம்ளரை வைத்தால் கவிதைக்கு நடுவே கறுப்பாக ஒரு வட்டம் விழும். சில கவிதைகளில் உருப்படியாக இருந்தது அந்த வட்டம்தான். ஆகவே பேக்ஸில் சுருக்கமாக விஷயத்தைச் சொல்லி முடித்த ஒரு மனிதர்மீது எனக்கு மரியாதை வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

1999 ஜூலை கடைசியில், பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில், சொந்த ஊரான கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவின் பத்திரிகைக்குத்தான் சாண்டர்ஸ் அதை அனுப்பினார். ஆட வேண்டும் என்பதைவிட விலக வேண்டும் என்ற ஆசை பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான் விஷயம். பிரஸ் மீட் கிடையாது, தொண்டை அடைப்பது கிடையாது. வயது 31. பத்து சீசனில் 15,269 கெஜம், ஒரு சீசனில்கூட ஆயிரத்துக்குக் கீழே இறங்கியதில்லை. அவருக்கு முன்னால் ஆடிய வால்டர் பேட்டனின் சாதனை 16,726. நீங்கள் சொல்லும் அந்த 1,457 அவருக்கு ஒரு வருஷ வேலை. 1997இல் ஒரே சீசனில் 2,053 ஓடியவர், சுமாரான வருஷம் என்று சொல்லப்பட்ட 1998இலேயே 1,491 எடுத்தவர்.

துரோகம் என்கிறீர்கள். சரி, யார் யாருக்குச் செய்தது? அவர் இருந்த பத்து வருஷத்தில் லயன்ஸ் ஜெயித்த பிளே ஆப் (சீசன் முடிந்ததும் நடக்கும் நாக் அவுட்) ஆட்டம் ஒன்றே ஒன்று, 1992 ஜனவரியில் டல்லாஸ் அணியை 38-6 என்று அடித்தது. 1994 கடைசி நாளில் கிரீன் பே அணியோடு நடந்த பிளே ஆப்பில் 13 தடவை பந்தை வாங்கி ஓடினார், மொத்தக் கணக்கு மைனஸ் 1 கெஜம். முன்னால் வழிவிட ஆள் இல்லாமல், பந்தை வாங்கிய இடத்திலேயே நாலு பேர் வந்து விழுந்தால் அப்படித்தான் ஆகும். ஐந்தடி எட்டங்குல மனிதர், அந்த நாலு பேருக்கு நடுவே சட்டென்று நின்று, திரும்பி, அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எழுவதற்குள் மைதானத்தின் இன்னொரு ஓரத்தில் ஓடிக்கொண்டிருப்பார். அவரால் எத்தனை தடவைதான் முடியும்? அவர் விலகிய பிறகு நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா, கொடுத்த போனஸில் ஒரு பங்கைத் திருப்பித் தா என்று மத்தியஸ்தர் வரைக்கும் போனது!

சாதனைக் கணக்கை அவர் முதல் வருஷத்திலேயே மதிக்கவில்லை. 1989 கடைசி ஆட்டம், லீகிலேயே அதிக கெஜம் ஓடியவர் என்ற பட்டத்துக்கு இன்னும் 10 கெஜம் போதும். உள்ளே போகிறாயா என்று கோச் கேட்க, ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போவோம் என்று உட்கார்ந்துவிட்டார். டச் டவுன் அடித்தால், அதாவது பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால், ஆட்டம் பாட்டம் இல்லை, பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். அப்படிப்பட்டவரிடம் போய் பிரிவுபசார விழாவை எதிர்பார்த்தால்?

இந்த விழாக்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டிலேயே எழுந்து போய்விடுகிறார்கள், இருந்தாலும் சொல்கிறேன். பொன்னாடை, சந்தன மாலை, ‘அன்னாரின் இழப்பு ஈடு செய்ய முடியாதது’ என்று உயிரோடு உட்கார்ந்திருப்பவரை வைத்துக்கொண்டே ஒரு வாழ்த்துரை, அடுத்த திங்கட்கிழமை அதே ஆள் ஆலோசகராக அதே நாற்காலியில். எனக்கு ஆகாத ஒரு பத்தி எழுத்தாளர் ‘இதுவே என் கடைசிப் பத்தி’ என்று எழுதி விடைபெற்றார். பிறகு இன்னொரு கடைசிப் பத்தி. இப்போதும் வாரா வாரம் வருகிறது. பெயரைச் சொன்னால் அதற்கும் ஒரு பத்தி எழுதுவார்.

அப்புறம், சாண்டர்ஸின் அப்பா. கூரை வேலை பார்த்தவர், மகன் புகழின் உச்சியில் இருந்தபோதும் பழைய ரன்னிங் பேக் ஜிம் பிரவுன்தான் எல்லோரிலும் பெரிய ஆட்டக்காரர் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த ஜிம் பிரவுனும் 1966இல், 30 வயதில், இங்கிலாந்தில் சினிமா படப்பிடிப்பில் இருந்தபோது முகாமுக்கு வராவிட்டால் அபராதம் என்று அணி முதலாளி மிரட்ட, விலகிவிட்டார். அப்பா யாரைப் புகழ்ந்தாரோ அவரைப் பார்த்துத்தான் பிள்ளை கற்றுக்கொண்டதோ என்னவோ.

உங்களுக்குச் சாதனைதான் முக்கியம் என்றால் டல்லாஸ் அணியின் ரன்னிங் பேக்காக இருந்த எம்மிட் ஸ்மித் இருக்கிறார். 15 சீசன் ஆடி, 2002இல் பேட்டனைத் தாண்டி, 18,355இல் நிறுத்தினார். கடைசி இரண்டு சீசன் அரிசோனாவுக்கு ஆடியவர், டல்லாஸ்காரனாகவே ஓய்வு பெற வேண்டும் என்று 2005இல் டல்லாஸோடு ஒரே ஒரு நாளுக்கு ஒப்பந்தம் போட்டு, கண்ணீரோடு விடைபெற்றார். பொன்னாடை போர்த்தினார்களா என்று விசாரித்துச் சொல்கிறேன்.