போக்கரே பொழப்பு என்றால் அமெரிக்காவில் வரி எப்படி?

தம்பி, கிரீன் கார்டோட லாஸ் வேகாஸ் வந்து போக்கர் சீட்டாட்டத்தையே முழுநேரத் தொழிலாப் பண்ணப்போறதா எழுதியிருக்கீங்க. ஜெயிச்சதுல தோத்தது போக மிச்சத்துக்கு மட்டும் வரி கட்டினாப் போதுமான்னு கேக்கறீங்க. 2025 வரைக்கும் போதும், 2026லிருந்து போதாதுங்க.

இப்பத் தோத்ததுல 90 சதவீதத்தைத்தான் கழிக்க விடறாங்க. வருசத்துல 2,00,000 டாலர் ஜெயிச்சு 1,80,000 தோத்தா கையில நிக்கறது 20,000. கழியறது 1,62,000 மட்டும், அதனால வரிக்கணக்குல லாபம் 38,000! ஒரு லட்சம் ஜெயிச்சு ஒரு லட்சமே தோத்தாலும் 10,000க்கு வரி உண்டு. போட்டிக்குப் போற விமான டிக்கெட், ஓட்டல் வாடகையும் இதே 90 சதவீதத்துக்குள்ள அடக்கம். ஜெயிச்ச தொகைக்கு மேல நட்டத்தைக் கழிக்கவும் முடியாது, அடுத்த வருசத்துக்குத் தள்ளவும் முடியாது.

தொழில்னு நாமளே சொல்லிக்கிட்டா ஆகாது. ஓயாம, முறையா, பொழப்புக்காக ஆடணும்னு 1987ல கிரோட்சிங்கர் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அப்படி ஆடறவங்க, தொழில் வரவு செலவு காட்டற ஷெட்யூல் சி படிவத்துல காட்டணும். வருமான வரி போக, லாபத்துல 92.35 சதவீதத்துக்கு 15.3 சதவீதம் சுயதொழில் வரியும் சேரும். புதுசா வர்றவங்க கோட்டை விடறது இங்கதானுங்க. சம்பளத்துல பிடிக்க ஆளில்லாததால ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15னு நாலு தவணையா நீங்களே கட்டணும், விட்டா அபராதம். நெவாடாவுல மாநில வருமான வரி இல்லைங்கறது ஒரு ஆறுதல்.

அப்பா ஈரோட்டுல மஞ்சள் மண்டிக் கணக்குப் பாக்கறவர்னீங்க. அவர் எழுதற மாதிரியே சிட்டா எழுதுங்க: தேதி, கேசினோ பேரு, டேபிள் நம்பர், உள்ள போட்டது, எடுத்துட்டு வந்தது. அன்னன்னைக்கே எழுதணும், ஏடிஎம் சீட்டு, நுழைவுக்கட்டண ரசீதையும் சேத்து வைங்க. போட்டியில நுழைவுக்கட்டணம் போக பெரிய தொகையா ஜெயிச்சா, ஜெயிச்சதைச் சொல்ற டபிள்யூ-2ஜி படிவம் நேரா வரித்துறைக்குப் போயிடும். தோத்ததுக்கு அப்படி யாரும் படிவம் அனுப்பறதில்லை. வருசக்கடைசியில உக்காந்து முழுத்தொகையா எழுதின நோட்டை அதிகாரி ஒத்துக்கலைன்னா நட்டம் கழியாது, ஜெயிச்சது மட்டும் நிக்கும்.

மாமனார் சுத்திப்பாக்க வர்றதாச் சொன்னீங்கல்ல, இங்க குடியிருக்காம வந்துபோறவர்ங்கறதால அவர் கணக்கே வேற. காசு போட்டு ஆடற ஸ்லாட் மெஷின்ல பெருசா விழுந்தா 30 சதவீதம் பிடிச்சுக்கிட்டுத்தான் தருவாங்க, தோத்ததைக் கழிக்கவே வழியில்லை. பிளாக்ஜாக், ரூலெட் மாதிரி சில கேசினோ ஆட்டங்களுக்கு அந்தப் பிடித்தம் கிடையாது. ஊருக்குப் போனதும் எதுல ஜெயிச்சதானாலும் அங்கத்த ரிட்டர்ன்லயும் காட்டச் சொல்லுங்க.