விஸ்கான்சின் சென்ட்ரல்: பெயர் வந்த வழி, மரூன் வந்த வழி (கேள்வி பதில்)

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தை மையமாகக் கொண்டு 1987 முதல் 2001 வரை தனித்து இயங்கிய சரக்கு ரயில் நிறுவனம் விஸ்கான்சின் சென்ட்ரல். காகிதம், மரக்கூழ், இரும்புத் தாது இவைதான் முக்கியச் சரக்கு. அதன் பெயரையும் எஞ்சின்களின் மரூன்-மஞ்சள் நிறத்தையும் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கதிர்: 1987-இல் தொடங்கிய கம்பெனி என்கிறீர்கள். ஆனால் 1900-ஐ ஒட்டிய வரைபடத்திலும் இதே பெயர் இருக்கிறதே?

இரண்டும் வேறு வேறு கம்பெனிகள், கதிர். பழையது 1871-இல் பிறந்தது. மாநிலத்தின் நடுக்காட்டை ஊடுருவி, சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள ஆஷ்லாந்து வரை 1877-இல் பாதை போட்டு முடித்தார்கள். சென்ட்ரல் என்றதும் நமக்கு ஒரு ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும். இங்கே அது மாநிலத்தின் நடுவே போகும் பாதை என்ற பொருளில் வருகிறது. பணம் போட்ட பாஸ்டன்காரர் கார்ட்னர் கோல்பி. பாதையோரத்துக் கோல்பி ஊருக்கு அவர் பெயர்தான். அந்த ஊரில் பிறந்த சீஸ்தான் இன்று கடைகளில் விற்கும் கோல்பி சீஸ்.

1909-இல் இந்தப் பாதையைச் சூ லைன் என்ற இன்னொரு ரயில் கம்பெனி குத்தகைக்கு எடுத்தது. 1961 ஜனவரி 1 அன்று இரண்டும் ஒன்றாக, பழைய பெயர் மறைந்தது. 1985-இல் சூ லைன், திவாலாகியிருந்த மில்வாக்கி ரோடு என்ற ரயில் கம்பெனியை வாங்கியது. இதனால் சிகாகோவிலிருந்து மினியாபொலிஸ் பக்கம் போக ஒரே கையில் இரண்டு பாதைகள் ஆகிவிட்டன. மில்வாக்கி பாதையை வைத்துக்கொண்டு, தன் பழைய பாதைகளை லேக் ஸ்டேட்ஸ் என்ற தனிப் பிரிவாக ஒதுக்கி விற்பனைக்கு விட்டது. சிகாகோ அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில் கம்பெனியில் உயர் அதிகாரியாக இருந்த எட் பர்க்கார்ட்டும் அவர் கூட்டாளிகளும் அதை வாங்கினார்கள். 1987 அக்டோபர் 11 அன்று ரயில்கள் ஓடத் தொடங்கின. கைக்கு வந்த முதுகெலும்புப் பாதை பழைய விஸ்கான்சின் சென்ட்ரல் போட்டதே. அதனால் பெயரைத் தேடி எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை.

மீனா: 'சூ' லைன் என்பது சூ பழங்குடி மக்களைக் குறிக்கிறதா?

இல்லை. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் வரும் குழப்பம் இது. கம்பெனியின் முழுப்பெயர் மினியாபொலிஸ், செயின்ட் பால் அண்டு சூ செயின்ட் மரீ. கடைசியில் வருவது மிச்சிகன்-கனடா எல்லையில் உள்ள ஊர். ஆற்றின் விரைந்தோட்டத்தைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லில் தொடங்கும் பெயர் அது. Sault என்று எழுதி 'சூ' என்று உச்சரித்ததை, உச்சரிப்பின்படியே Soo என்று மூன்றெழுத்தாகச் சுருக்கினார்கள்.

ராஜா: பெயரின் கடைசியில் 'லிமிடெட்' வருகிறதே, அது எதற்கு சார்?

புதிய கம்பெனியின் சட்டப் பெயர் விஸ்கான்சின் சென்ட்ரல் லிமிடெட். பழையதிலிருந்து பிரித்துக் காட்ட இந்தச் சொல் போதும். ஆவணங்களில் இரண்டையும் கலக்காமல் இருக்க இதைத்தான் பார்க்க வேண்டும். தாய் நிறுவனம் விஸ்கான்சின் சென்ட்ரல் டிரான்ஸ்போர்ட்டேஷன் கார்ப்பரேஷன். வெளிநாட்டு முதலீடுகள் அதன் கணக்கில் வரும்.

செல்வி: மரூனும் மஞ்சளும் யார் தேர்ந்தெடுத்தது? சூ லைன் வண்டிகள் வெள்ளையும் சிவப்புமாகத்தானே இருந்தன?

வெள்ளை-சிவப்பு 1960-களில் வந்தது. அதற்கு முன் சூ லைனின் டீசல் எஞ்சின்கள் மரூன் உடலும் 'டூலக்ஸ் கோல்டு' பட்டையுமாக ஓடின. அது பளபளக்கும் தங்கநிறம் அல்ல. மஞ்சள் பக்கம் சாய்ந்த எனாமல். 1987-இல் வந்தவர்கள் வெள்ளை-சிவப்பைத் தாண்டிப் பின்னால் போய், அந்த மரூனை எடுத்துக்கொண்டார்கள். அரக்குப் புடவைக்கு அகலமான ஜரிகைக் கரை போட்டதுபோல் இருக்கும். பெயரும் நிறமும் ஒரே இடத்திலிருந்து வந்ததாகப் பலர் எழுதுகிறார்கள், அது தவறு. பெயர் குத்தகைக்கு முந்தைய கம்பெனியுடையது, நிறம் குத்தகைக்கு எடுத்தவருடையது.

அருள்: பழைய போட்டோ ஒன்று கையில் இருக்கிறது. மரூன் எஞ்சின். சூ லைனா, விஸ்கான்சின் சென்ட்ரலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறத்தை விட்டுவிட்டு எஞ்சின் மாடலைப் பாருங்கள். பின்பக்கம் ரேடியேட்டர் வெளியே விரிந்து சாய்ந்திருந்தால் அது எஸ்டி45 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். 20 சிலிண்டர், 3,600 குதிரைத்திறன், 1965-இலிருந்துதான் தயாரானது. சூ லைன் மரூனைக் கைவிட்ட காலத்துக்குப் பின் வந்த மாடல் என்பதால், மரூன் எஸ்டி45 என்றால் அது விஸ்கான்சின் சென்ட்ரல்தான். பெரிய கம்பெனிகள் எரிபொருளைக் குடிக்கிறது என்று கழித்துவிட்டதை இவர்கள் மலிவாக வாங்கி ஓட்டினார்கள்.

மூக்கு உருண்ட எஃப் வகை எஞ்சின் என்றால், ஓட்டுநர் அறைக்குக் கீழே சின்ன எழுத்தில் டபிள்யூ.சி. (விஸ்கான்சின் சென்ட்ரலின் சுருக்கம்) இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். சூ லைன் எஞ்சின்களிலும் அந்த எழுத்து உண்டு! குத்தகைப் பாதைக் கம்பெனிக்குச் சொந்தமான எஞ்சின் என்பதற்கான அடையாளம் அது. இதை வைத்து 1987-க்குப் பிந்தையது என்று முடிவுகட்டி ஏமாறுபவர்கள் நிறைய.

விக்னேஷ்: 1:87 அளவில் எஸ்டி45 மாடலுக்கு இந்த நிறம் அடிக்கப் போகிறேன் அண்ணா. எதை முதலில் அடிப்பது?

மஞ்சளை, தம்பி. மரூன் மேல் மஞ்சள் அடித்தால் மூடுவதற்குள் ஐந்தாறு பூச்சு ஆகிவிடும். கதவுத் தாழ், காற்றுத் துளைப் பட்டைகள் எல்லாம் பெயிண்டில் மூழ்கிப்போகும்.

பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் உடலைக் கழுவிக் காயவையுங்கள். அடிப்பூச்சு வெள்ளை அல்லது வெளிர்சாம்பல். செம்மண் நிற பிரைமர் போட்டால் மேலே வரும் மஞ்சள் ஆரஞ்சாகத் தெரியும். அடுத்து மஞ்சளை மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு அடித்து ஒரு நாள் முழுக்க விடுங்கள். பட்டை வரும் இடத்தில் டேப். டேப்பின் ஓரம் அழுக்காகவும் பிசிறாகவும் இருக்கும் என்பதால், கண்ணாடி மேல் ஒட்டிப் புது பிளேடால் ஓரத்தை வெட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கோளாறு வருவது கதவுக் கீல் இருக்கும் இடத்தில். டேப் கீலின் மேல் பாலம்போல் நின்றுவிடும். அடியில் மரூன் புகுந்து பல்பல்லாகத் தெரியும். டூத்பிக் முனையால் ஒவ்வொரு கீலைச் சுற்றியும் அழுத்திவிட்டு, டேப் ஓரத்தில் மறுபடி ஒரு மெல்லிய மஞ்சள் பூச்சு கொடுங்கள். புகவேண்டிய பெயிண்ட் மஞ்சளாகவே புகுந்து இடைவெளியை அடைத்துவிடும். அதன் மேல் மரூன். முழுக்க இறுகும் முன், டேப்பைத் தன் மேலேயே மடித்து, தாழ்வாக இழுத்து எடுங்கள். நேராக மேலே பிடுங்கினால் மஞ்சளும் கூட வரும்.

பிறகு பளபளப்பு வார்னிஷ், டெகால் (நீரில் நனைத்து ஒட்டும் எழுத்தும் சின்னமும்), கடைசியில் மேட் (பளபளக்காத) வார்னிஷ். மேட் மேல் டெகால் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி மாதிரி மின்னும். வெயிலில் வெளுத்த மரூன் வேண்டுமென்றால் வெள்ளையைக் கலக்காதீர்கள், இளஞ்சிவப்பாகிவிடும். மணல் நிறம் ஒரு துளி போதும்.

ஜான்: இங்கிலாந்தில் இதே மரூன் எஞ்சின் இருக்கிறதே, தற்செயலா?

தற்செயல் இல்லை. பிரிட்டிஷ் ரயில் தனியார்மயமானபோது, 1996-இல் டிரான்ஸ்ரெயில், மெயின்லைன், லோட்ஹால் ஆகிய மூன்று சரக்குக் கம்பெனிகளை விஸ்கான்சின் சென்ட்ரல் தலைமையிலான கூட்டணி வாங்கியது. ஒன்றாக்கிய பின் வைத்த பெயர் இங்கிலிஷ் வெல்ஷ் அண்டு ஸ்காட்டிஷ் ரயில்வே. சின்னத்தில் இங்கிலாந்துக்குச் சிங்கம், வேல்ஸுக்கு டிராகன், ஸ்காட்லாந்துக்குக் கலைமான். நிறம் மட்டும் விஸ்கான்சினிலிருந்து நேராக வந்த மரூனும் தங்கமும். கனடாவின் லண்டன் நகரத் தொழிற்சாலையிலிருந்து வந்த 250 கிளாஸ் 66 எஞ்சின்களும் இந்த நிறத்தில்தான் இறங்கின. 2007-இல் ஜெர்மானிய ரயில்வே வாங்கி, 2009-இல் பெயரை மாற்றிச் சிவப்பு அடிக்கத் தொடங்கியது. ஆனால் பல எஞ்சின்கள் மரூனிலேயே ஆண்டுக்கணக்கில் ஓடின.

பிரியா: நியூசிலாந்திலும் அவர்களுக்குப் பங்கு இருந்ததே, அங்கேயும் மரூனா?

இல்லை. 1993-இல் நியூசிலாந்து ரயிலை வாங்கிய கூட்டணியில் இருந்தார்கள். 1995-இல் அது டிரான்ஸ் ரெயில் (மேலே வந்த பிரிட்டிஷ் டிரான்ஸ்ரெயில் வேறு) என்று பெயர் மாறி, நீலத்துக்குப் போனது.

கதிர்: இப்போது பெயர் முழுக்கப் போய்விட்டதா?

2001 அக்டோபரில் கனடாவின் ரயில் கம்பெனியான கனடியன் நேஷனல் வாங்கியது. பெயிண்டில்தான் பெயர் போனது. சட்டப்படி விஸ்கான்சின் சென்ட்ரல் லிமிடெட் அதன் துணைக் கம்பெனியாகத் தொடர்ந்தது. அதனால் கனடியன் நேஷனல் நிறம் அடித்த எஞ்சின்கள் சிலவற்றிலும் ஓட்டுநர் அறைக்குக் கீழே சின்னதாக டபிள்யூ.சி. என்று இருக்கும். நூறு வருடத்துக்கு முந்தைய குத்தகை வழக்கம் மாதிரியேதான். மரூனே வேண்டுமென்றால் 3069 எண் எஞ்சினைத் தேடுங்கள். தான் தனியார்மயமான 25-ஆம் ஆண்டுக்காகக் கனடியன் நேஷனல் 2020-இல் பழைய கம்பெனிகளின் நிறம் பூசிய எஞ்சின்களில் விஸ்கான்சின் சென்ட்ரலுக்கு வாய்த்தது அதுதான்.