மணற்கடிகாரம் இடைக்கும் காலத்துக்கும் ஒருசேர உவமையானது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் துணி தைக்கக் கொடுத்த இடத்தில் "மணற்கடிகார உடல்வாகு" என்று சொல்லக் கேட்டு, காலம் காட்டும் கருவி உடலழகுக்கு உவமையானது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுக்கும் பொதுவானது அந்தக் குறுகிய இடை மட்டுமே. மேற்குடுவையில் மணல் எவ்வளவு உயரம் நின்றாலும் அது இறங்கும் வேகத்தைக் குறுகிய கழுத்தின் அகலமே பெரிதும் தீர்மானிப்பதால், அளவு குறையக் குறைய வேகம் தளரும் நீரைப் போலன்றி, மணல் ஏறத்தாழ ஒரே சீராக இறங்குகிறது. அதனால்தான் கப்பல்களில் அரைமணி நேரத்தை அதைக்கொண்டு அளந்தார்கள். வாழ்நாள் கரைவதைக் கண்ணெதிரே காட்டியதால், ஐரோப்பிய ஓவியர்கள் அதை மண்டையோட்டுக்கு அருகில் வைத்து மரணத்தின் சின்னமாக்கினார்கள்.

உடலழகின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டின் இறுக்குக் கச்சும், 1947இல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் தியோர் வெளியிட்ட ஆடை வரிசையும் அவ்வடிவைப் பெண்கள்மேல் ஏற்றின. இயல்பில் அது சிலருக்கே வாய்ப்பது.

நமக்கோ கண்ணாடிக் குடுவை தேவைப்படவே இல்லை. 'துடியிடை' என்று தமிழ்ப் புலவர்கள் பாடியது உடுக்கை போன்ற துடியை மனத்தில் வைத்துத்தான். 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் வணங்கிய நடராசர் கையிலும் அதே வடிவம் உண்டு. ஆனால் அங்கே அது குறிப்பது முடிவை அன்று, படைப்பின் முதல் ஒலியை.