காப்பை வைத்துக் கடலுக்குப் போகலாமா?

கேள்வி: நான் அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். கழிவெல்லாம் போகக் கையில் 52,000 ரூபா வரும். கணவர் இரணைமடுக் குளத்தின் கீழ் 4 ஏக்கர் வயல் செய்கிறார். பிள்ளைகளுக்கு 6 வயதும் 3 வயதும். ஓகஸ்டில் மச்சாள் குடும்பம் கனடாவிலிருந்து வருகிறது. எல்லோரும் நிலாவெளியில் 3 இரவு தங்குவோம், செலவைப் பாதி பாதியாகப் பிரிப்போம் என்கிறார். அறை இரவுக்கு 28,000 என்று வைத்து எங்கள் பங்கு 175,000 வருமாம். என்னுடைய இரண்டு காப்பு (3 பவுண்) 2023இலிருந்து வங்கியில் அடகில் இருக்கிறது. பவுண் விலை ஏறியிருப்பதால் அதன்மேல் கூட்டி எடுக்கலாம் என்கிறார் கணவர். அலுவலகத்துக்கு வந்த வங்கிக்காரத் தம்பியோ கடனட்டையில் வட்டியில்லாத் தவணை தருவோம் என்கிறார். எது நல்லது? இந்தப் பெரும்போக நெல்லையும் உரக்கடைக்காரர் களத்திலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அடகுச் சீட்டுகளின் பிரதிகளை இணைத்திருக்கிறேன்.
- வாசகி, கிளிநொச்சி

பதில்: பிள்ளைகளோடு கடலுக்குப் போவதில் பிழையில்லை, போங்கள். ஆனால் காப்பின்மேல் இன்னொரு முறை கூட்டி எடுக்காதீர்கள்.

உங்கள் சீட்டுகளைப் பார்த்தேன். வட்டி ஆண்டுக்கு 15 வீதம். 2023 ஓகஸ்டில் 150,000 எடுத்தீர்கள். 2024 ஓகஸ்டில் 22,500 வட்டியைக் கையிலிருந்து கட்டவில்லை. சீட்டை 220,000 ஆக்கி, அதிலேயே வட்டியைக் கழித்து, மிச்சம் 47,500ஐ வாங்கினீர்கள். 2025இலும் அதே கதைதான். சீட்டு 320,000 ஆனது, வட்டி 33,000 போக 67,000 கையில் வந்தது. மூன்று முறையும் கையில் வாங்கியது 264,500. வரும் ஓகஸ்டில் மீட்கப் போனால் முதல் 320,000, வட்டி 48,000, ஆக 368,000 கேட்பார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் வட்டி ஏறிவிட்டது, நீங்களோ ஒரு முறைகூட வட்டி என்று காசு எண்ணிக் கொடுக்கவில்லை. அதனால்தான் நோகவில்லை.

இப்போது 175,000 கையில் வேண்டுமென்றால் சீட்டு 543,000 ஆகும். அடுத்த வருட வட்டி மட்டும் 81,000 சொச்சம். பவுண் விலை ஏறுவதை வருமானமாக நினைக்கிறீர்கள். ஏறிய விலையில் வங்கி தருவது கடன். விலை இறங்கினால் இதே காப்புக்கு இவ்வளவு தரமாட்டார்கள், வித்தியாசத்தைக் கட்டாமல் சீட்டைப் புதுப்பிக்கவும் முடியாது. 2013இல் தங்கம் சரிந்தபோது, மீட்பதைவிட விடுவதே லாபம் என்று நகையைக் கைவிட்டவர்கள் இலங்கையில் நிறையப் பேர்.

உரக்கடை விடயத்தைக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுவும் அடகும் ஒரே கதையாகத்தான் தெரிகிறது. வன்னியில் வயல் செய்பவருக்கு அடகு நகைதான் விதைப்புக் காசு. செப்டெம்பர், ஒக்டோபரில் உழவுக்கும் விதைநெல்லுக்கும் காசு தேவைப்படும் நேரத்தில், ஓகஸ்ட் விருந்தினருக்காகக் காப்பின்மேல் இன்னும் கூட்டி எடுத்துவிட்டிருப்பீர்கள். அப்போது உரம் கடனுக்கு. கடன் கொடுத்தவர் ஈரநெல்லைக் களத்து விலைக்கு எடுத்துக்கொண்டு போவார், காயவைத்து விலை பார்த்து விற்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்காது. ஏக்கருக்கு 1,500 கிலோ என்று குறைத்தே வைப்போம், 4 ஏக்கருக்கு 6,000 கிலோ. கிலோவுக்கு 10 ரூபா குறைந்தாலும் 60,000. இதையும் பயணச் செலவில் சேர்த்துப் பாருங்கள்.

கடனட்டைத் தம்பிக்கு ஒரு வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள். வட்டியில்லாத் தவணையில் பெரும்பாலும் செயலாக்கக் கட்டணம் என்று முதலிலேயே ஒரு தொகை கழியும். ஒரு தவணை பிந்தினால் அட்டையின் வழமையான வட்டிக்குள் விழுவீர்கள், அது அடகு வட்டியைவிடக் கூட. வருடா வருடம் வட்டியை முதலோடு சேர்த்துப் பழகிய வீட்டுக்கு, குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் போதும் என்று சொல்லும் அட்டை வேண்டவே வேண்டாம்.

இனிப் பயணம். மச்சாள் சொன்ன கணக்கே குறைவு. அறை இரவுக்கு 28,000 என்று போட்டிருக்கிறார். அதன்மேல் சேவைக் கட்டணம் 10 வீதமும் வற் வரி 18 வீதமும் ஏறினால் 36,344. மூன்று இரவில் மட்டும் 25,000 கூடிவிடும். அவர் கனடாவிலிருந்து இணையத்தில் பதிவு செய்தால் வெளிநாட்டார் விலைதான் வரும். பல ஹொட்டேல்களில் தேசிய அடையாள அட்டைக்கு உள்ளூர் விலை உண்டு. நீங்களே தொலைபேசியில் கேளுங்கள்: வரி சேர்த்து எவ்வளவு, 6 வயதுப் பிள்ளைக்குக் காசா, காலைச் சாப்பாடு மட்டும் என்றால் எவ்வளவு. 3 வயதுப் பிள்ளை புஃபேயில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ஐஸ்கிரீம் கேட்கும். மதியச் சாப்பாட்டைத் திருகோணமலை டவுன் கடையில் கட்டிக்கொள்ளலாம்.

நிலாவெளிக் கடலில் இருக்கிற புறாத்தீவுக்குப் படகில் போவதை விடுங்கள். அங்கே போவது முருகைக்கல் (பவளப்பாறை) பார்க்க, 3 வயதுப் பிள்ளைக்கு உடைந்த முருகைக்கல் காலில் குத்துவதுதான் மிச்சம். அது தேசிய பூங்கா, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு நுழைவுக் கட்டணமும் பல மடங்கு. பாதி பாதி என்று பிரித்தால் அவர்களுடைய கட்டணத்தில் பாதி உங்கள் தலையில்.

என் யோசனை, ஒரு இரவு மட்டும் சேர்ந்து போங்கள். கடலைப் பார்த்த அறை வேண்டாம், வீதியின் மற்றப் பக்கத்து விருந்தினர் விடுதி போதும். அறை, சாப்பாடு, வான் பங்கு எல்லாம் 40,000க்குள் அடங்க வேண்டும். திரும்பும்போது வவுனியா பஸ் எடுத்து, அங்கிருந்து கிளிநொச்சிக்கு மாறலாம். ஓகஸ்டுக்கு இன்னும் 4 மாதம், சம்பளத்திலிருந்து மாதம் 10,000. அதுவும் இறுக்கம் என்றால் காரைநகர் கசூரினாவுக்கு ஒரு நாள் பயணம். நிலாவெளியைவிடக் கிட்ட, கடல் வெகுதூரம் ஆழமில்லை, சின்னப் பிள்ளைகளுக்கு உண்மையில் அதுவே வசதி. புளிச்சாதம் கட்டிக்கொண்டு போனால் செலவு வாகனத்துக்குத்தான். எங்கே போனாலும் காலை 9.30க்குள் குளிப்பை முடித்து, மிச்சத்தைப் பின்னேரம் 4க்குப் பிறகு வையுங்கள். நடுவில் வெயிலில் நின்றால் இரவு காய்ச்சல் மருந்துக்கு ஓடவேண்டி வரும்.

ஓகஸ்டில் வங்கிக்குப் போகும்போது வட்டி 48,000ஐக் கையிலிருந்து கட்டப் பாருங்கள். சிறுபோகம் ஒரு ஏக்கர் செய்திருந்தாலும் அந்தக் காசு முதலில் இதற்குத்தான். முதல் தொகையில் ஒரு பகுதியையும் கட்டலாமா என்று கேளுங்கள். புதுப்பிக்கும்போது இரண்டு காப்பையும் இரண்டு சீட்டாகப் பிரித்து வையுங்கள், ஒரே சீட்டில் இருந்தால் முழுக் காசும் சேராமல் ஒன்றைக்கூட மீட்க முடியாது.

மச்சாளிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டாம். உங்கள் கணவர் சொல்லட்டும், அதுவும் இந்த வாரமே. அறை பதிவு செய்து முற்பணமும் கட்டிய பிறகு சொன்னால், ஓகஸ்ட் முழுக்க அந்தக் கதைதான் வீட்டில் ஓடும்.