பைகேமில் பட்டன் வைப்பது எப்படி?

கேள்வி: பைத்தான் மொழியில் விளையாட்டுகள் எழுத உதவும் நூலகமான பைகேமில் ஒரு விளையாட்டை எழுதி வருகிறேன். பட்டன், ஸ்லைடர் போன்றவற்றுக்காக, பைத்தானின் சாளர நூலகமான டிகின்டரை அதனுடன் இணைக்கலாமா?

பதில்: இணைக்காமல் இருப்பதே நல்லது. டிகின்டர், பைகேம் இரண்டுமே சொடுக்கு, விசை அழுத்தம் போன்ற நிகழ்வுகளைக் கவனிக்கும் சுழற்சியைத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ள விரும்புபவை என்பதால், ஒன்று ஓடும்போது மற்றொன்று உறைந்து நிற்கக்கூடும்.

எஸ்.டி.எல். நூலகத்தின் மீது கட்டப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பைகேமில் ஆயத்தப் பட்டன்கள் கிடையாது. ஆகவே முதல் பட்டனை நீங்களே எழுதிப் பாருங்கள். அதில் கிடைக்கும் தெளிவு பின்னால் மிகவும் உதவும். ஒரு செவ்வகத்தை வரைந்து, சுட்டி அதற்குள் இருக்கிறதா என்பதை 'கொலைட்பாயின்ட்' செயற்கூறு மூலம் சோதிக்க வேண்டும். பலர் அழுத்திய கணத்திலேயே செயலை நடத்திவிடுகிறார்கள். அது தவறு என்பது என் உறுதியான கருத்து. அழுத்தியதும் விடுவித்ததும் அதே செவ்வகத்துக்குள் நடந்தால் மட்டுமே அதைச் சொடுக்கு எனக் கொள்ள வேண்டும். அப்போதுதான் தவறுதலாக அழுத்தியவர் சுட்டியை வெளியே நகர்த்தித் தப்பிக்க முடியும். பட்டன் ஏற்றுக்கொண்ட சொடுக்கு விளையாட்டுக்குள்ளும் சென்று துப்பாக்கியைச் சுட வைக்காதபடி, நிகழ்வுகளை முதலில் பட்டன்களிடமே கொடுங்கள்.

எழுத்துப்பெட்டி, உருளும் பட்டியல் எனத் தேவை வளர்ந்தால் 'பைகேம் ஜியூஐ' நூலகத்துக்கு மாறிவிடலாம். அதன் 'அப்டேட்' செயற்கூறு, முந்தைய அழைப்பிலிருந்து கடந்த நேரத்தை வினாடியில் எதிர்பார்க்கிறது; அந்த நேரத்தை அளக்கும் பைகேமின் 'கிளாக்.டிக்' தருவதோ மில்லிவினாடி. 1000ஆல் வகுக்க மறக்காதீர்கள்.