ஒரே ஏரி, மூன்று படங்கள்

கேள்வி: எங்கள் ஊர் ஏரியைக் கணினியில் தேடினேன். கூகுள் வரைபடத்தில் தண்ணீர் தளும்புகிறது; இஸ்ரோவின் புவன் தளத்தில் பாதி ஏரி வெறும் தரையாகக் கிடக்கிறது; மைக்ரோசாஃப்டின் பிங் வரைபடத்திலோ நடுவில் கருவேலங்காடு தெரிகிறது. எதை நம்புவது?
(வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்)

பதில்: மூன்றையுமே நம்பலாம். ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து வைகாசியில் வற்றிவிடும் ஓர் ஏரியை வெவ்வேறு நாள்களில் படம் எடுத்தால் வெவ்வேறு ஏரிகளாகத்தான் தெரியும். 2019 கோடையில் புழல் ஏரி வறண்டபோது, அதற்கு முந்தைய ஆண்டின் நிறைந்த ஏரியையும் வறண்ட ஏரியையும் அருகருகே வைத்த செயற்கைக்கோள் படங்கள் செய்திகளில் வந்தது நினைவிருக்கலாம். அவற்றில் ஒன்றை மட்டும் நாள் குறிப்பிடாமல் காட்டியிருந்தால் யாரும் ஏமாந்திருப்பார்கள்.

ஆகவே எந்தத் தளத்திலும் முதலில் கேட்க வேண்டியது, படம் எடுத்த நாள் எது என்பதே. கூகுள் வரைபடத்தின் அடியில் தெரியும் ஆண்டு காப்புரிமைக்கானது. அதைப் படம் எடுத்த ஆண்டு என்று கொள்ளக் கூடாது. கணினியில் இலவசமாக நிறுவிக்கொள்ளக்கூடிய கூகுள் எர்த் புரோ செயலியில் படம் எடுத்த நாள் அடியில் காட்டப்படும். கடிகாரக் குறியைத் தட்டினால் பழைய படங்களையும் வரிசையாகப் பார்க்கலாம். ஆனால் இந்தப் படங்கள் பல நாள் படங்களை ஒட்டித் தைத்தவை என்பதால், ஏரியின் கீழ்க்கரை ஒரு கோடையிலும் மேல்கரை ஒரு மழைக்காலத்திலும் எடுக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. ஏரிக்கு நடுவே கத்தரித்தாற்போல் நேர்க்கோட்டில் நிறம் மாறினால் அது தையல் விழுந்த இடம் என்று கொள்க.

நிற வேறுபாட்டுக்கு வேறொரு காரணமும் உண்டு. இஸ்ரோவின் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளில் உள்ள லிஸ்-4 என்ற படக்கருவி பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு ஆகிய மூன்றை மட்டுமே பதிவு செய்கிறது. நீல ஒளியைப் பதிவு செய்வதில்லை. அதன் படங்களில் இயற்கை நிறத்தைக் கணக்கிட்டுத்தான் உருவாக்க வேண்டும். அத்தகைய படத்தில் நிறத்தை மட்டும் வைத்துத் தண்ணீரா தரையா என்று முடிவு செய்வது அவசரமாகும்.

இந்த மாதம் ஏரியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதுதான் உங்கள் கவலை என்றால் மேற்சொன்ன மூன்று தளங்களும் உதவா. ஏறத்தாழ 5 நாள்களுக்கு ஒருமுறை வந்துபோகும் ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படங்களைக் கோப்பர்நிக்கஸ் தளத்தில் தேதி வாரியாக, கட்டணமின்றிப் பார்க்கலாம். அதில் ஒரு புள்ளி 10 மீட்டர் பக்கமுள்ள சதுரம், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட் நிலம். நீர்ப்பரப்பு நன்றாகத் தெரியும், மதகு தெரியாது. சங்கடம் என்னவென்றால், ஏரி நிறைகிற அதே வடகிழக்குப் பருவமழை நாள்களில்தான் மேகம் படத்தை மறைக்கும். அப்போது மேகத்தை ஊடுருவும் ரேடார் கருவி கொண்ட சென்டினல்-1 கைகொடுக்கும்.

கேள்வி: பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைத் தள்ளிப் போட்டிருக்கிறார். செயற்கைக்கோள் படத்தை அச்செடுத்துக் காட்டலாமா?

பதில்: பேச்சைத் தொடங்க உதவும், எல்லையை முடிவு செய்ய உதவாது. செயற்கைக்கோள் சாய்ந்த கோணத்தில் படம் எடுப்பதாலும், தரையின் மேடு பள்ளத்தைச் சரிசெய்வதில் நேரும் பிழையாலும், படம் சில மீட்டர்கள் நகர்ந்து நிற்பது சாதாரணம். உங்கள் கிணற்றின் மூலையை இரண்டு தளங்களில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே இடத்தில் இராது. வரப்புத் தகராறு ஒரு மீட்டருக்குள் நடப்பது. எஃப்.எம்.பி. எனும் நில அளவைப் பதிவேட்டின் புலப்படத்தை வைத்து நில அளவர் அளந்து கல் நடுவதே செல்லும். வரப்பு எந்த ஆண்டில் இடம் மாறியது என்பதற்குப் பழைய படங்களின் வரிசை துணைச் சான்றாகலாம்.

கேள்வி: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பதில் புகைப்படமே இல்லையே?

பதில்: அது 2004இல் தொடங்கிய, தன்னார்வலர்கள் வரையும் வரைபடம், பிங் போன்றவற்றின் படங்களை அடியில் வைத்து அதன்மேல் வரைகிறார்கள். 2015 சென்னை வெள்ளத்தில் நீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே குறித்த வரைபடம் இதை அடித்தளமாகக் கொண்டதுதான். உங்கள் ஏரியின் கலங்கலும் வரத்துக் கால்வாயும் அதில் விடுபட்டிருந்தால், ஒரு கணக்கைத் தொடங்கி நீங்களே சேர்த்துவிடலாம்.