சாமி ஜெயின் ஜெயிச்சா கோடி ரோட்ஸ் கதை என்னாகும்?

ப்ரோ, உங்க டபிள்யூடபிள்யூஈ மல்யுத்த கற்பனைக் கதையில, மாண்ட்ரியல்ல நடந்த 2023 எலிமினேஷன் சேம்பர் ஷோவுல சாமி ஜெயின் சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸை ஜெயிக்கிற மாதிரி எழுதிட்டு, அப்புறம் ரெண்டு நைட் நடக்குற பெரிய ஷோ ரெஸில்மேனியாவுல, ரோமனோட மோத வேண்டிய கோடிக்கு என்ன பண்றதுன்னு முட்டிக்கிட்டு நிக்கிறேன்னு சொல்லியிருந்தீங்க. ரொம்ப சிம்பிள், ரோமன்கிட்ட யுனிவர்சல், டபிள்யூடபிள்யூஈன்னு ரெண்டு சாம்பியன் பெல்ட் இருந்துச்சுல்ல, மாண்ட்ரியல் மேட்ச்சை யுனிவர்சல் பெல்ட்டுக்கு மட்டும்னு வச்சிருங்க. கோடிக்கு வேண்டியது டபிள்யூடபிள்யூஈ பெல்ட்தான், 1977ல அவங்கப்பா டஸ்டி பில்லி கிரஹாமை கவுண்ட் அவுட்ல (எதிராளி எண்ணி முடிக்கிறதுக்குள்ள ரிங்குக்குள்ள வராததால வர்ற ஜெயிப்பு, அதுல பெல்ட் கை மாறாது) ஜெயிச்சும் கைக்கு வராம போனது அதான்.

யுனிவர்சல் போனா ரோமன் 900 நாளா அந்த பெல்ட்டை வச்சிருந்த கணக்கு உடையும், ஆளு பதறுவான், அந்த பதட்டத்தை எழுதுங்க, தன் கூட்டத்து ஆளு சோலோவைக்கூட நம்பாம முறைக்கிற மாதிரி. ரெஸில்மேனியா முதல் நைட் சாமிக்கும், ரோமன் கூட்டத்துல இருந்த ஜே ஊஸோவுக்கும் மேட்ச். அதுக்கு முன்னாடி நடந்த ராயல் ரம்பிள் ஷோவுல சாமி சேர் எடுத்து ரோமன் முதுகுல போட்டப்போ ஜே மட்டும் சாமியை அடிக்காம இறங்கிப் போனான்ல, அந்த மூஞ்சிய அங்க யூஸ் பண்ணுங்க. ரெண்டாவது நைட் கோடி ரோமனை ஜெயிக்கட்டும், நிஜத்துல பண்ண மாதிரி 2024 வரைக்கும் இழுக்காதீங்க, செம கடுப்பாச்சு அப்போ.